பிறப்புக்கல்: ஒரே பெயரில் உலவும் மூன்று பட்டியல்கள்

"பையன் ஆகஸ்ட் பத்தாம் தேதி பொறந்தான். அவனுக்கு என்ன கல்லுண்ணா?"

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலோ இப்படிக் கேட்டுப் பார்த்தால் மூன்று விதமான பதில் கிடைக்கலாம். ஒருவர் வெளிர்பச்சைப் பெரிடாட் என்பார். அடுத்தவர் "ஆகஸ்டுன்னா சிம்மம், மாணிக்கம்தான்" என்பார். மூன்றாமவர் "ஜாதகம் கொண்டாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பட்டியலைப் பார்த்துச் சொல்கிறார்கள். கேட்டவருக்கு அது தெரியாததால், மூன்றில் விலை கூடிய கல்லே 'சரியான' கல் என்று தோன்றிவிடுகிறது. குழப்பத்தால் கையை விட்டுப் போவது பணம். அதனால்தான் இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

## ஒரு பிள்ளைக்கு எத்தனை பிறந்தநாள்?

நம் வீடுகளில் பிறந்தநாளே இரண்டு உண்டு. சான்றிதழில் இருப்பது ஆங்கிலத் தேதி. அன்றைக்கு கேக் வெட்டுவார்கள். அர்ச்சனைக்குச் சொல்வது ஜென்ம நட்சத்திரம்; பிறந்த தமிழ் மாதத்தில் அந்த நட்சத்திரம் வரும் நாளில் பாயசம் வைப்பார்கள். இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம். எது உண்மையான பிறந்தநாள் என்று யாரும் சண்டை போடுவதில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு என்று சிறு பிள்ளைக்கும் தெரியும்.

கல்லும் இப்படித்தான். முதல் கணக்கு மாதக்கல். அதற்கு ஆங்கில மாதம் மட்டும் போதும். ஆகஸ்ட் 1 ஆனாலும் 31 ஆனாலும் ஒரே கல். இரண்டாவது, மேற்கத்திய சூரிய ராசி. ஜூலை 23 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 22 வாக்கில் முடிவது அவர்களுடைய சிம்மம். மூன்றாவது, நம் ஜாதக ராசி. பிறந்த நேரத்தில் சந்திரன் எந்த ராசியில் நின்றதோ அதுவே ஒருவருடைய ராசி. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டேகால் நாள் ஆகும். லக்னமோ சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிவிடும். அதனால் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருடைய ஜாதக ராசியைச் சொல்லவே முடியாது.

இதற்குள் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஆகஸ்ட் 10 நமக்கு ஆடி மாதம். நம் கணக்குப்படி அன்றைக்குச் சூரியன் கடகத்தில் இருக்கிறது. ஆவணி பிறந்தால்தான் சிம்மத்துக்குப் போகும். மேற்கத்திய முறை, வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளை மேஷத்தின் தொடக்கமாகக் கொள்கிறது. நம் முறை வானத்து நட்சத்திரங்களையே எல்லைக்கல்லாக வைக்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போல மிக மெதுவாகத் தலை சுற்றுவதால், ஒரு காலத்தில் ஒட்டியிருந்த இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் இன்று சுமார் 24 பாகை இடைவெளி விழுந்துவிட்டது. நாள் கணக்கில் அது மூன்றரை வாரம்.

'ஆகஸ்ட் என்றால் சிம்மம், சிம்மம் என்றால் மாணிக்கம்' என்ற வாக்கியம் ராசியை மேற்கிலிருந்தும் கல்லை நம் நவக்கிரகத்திலிருந்தும் எடுத்து ஒட்டியது. இரண்டு மரபிலும் அப்படி ஒரு விதி கிடையாது. அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இதுவரை பார்த்தது: மாதக்கல்லுக்கு மாதம் போதும், மேற்கத்திய ராசிக்குத் தேதி வேண்டும், ஜாதக ராசிக்கு நேரமும் ஊரும் வேண்டும். கல் எது என்று கேட்பதற்கு முன் எந்தப் பட்டியல் என்று கேட்க வேண்டும்.

## மாதப் பட்டியல் எங்கிருந்து வந்தது?

விவிலியத்தின் யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில், தலைமைக் குரு ஆரோன் அணியும் மார்ப்பதக்கம் வருகிறது. நான்கு பத்தி, பத்திக்கு மூன்று, ஆகப் பன்னிரண்டு கற்கள். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் பெயரும் கல்லுக்கு ஒன்றாக அவற்றில் வெட்டப்பட்டிருக்கும். அங்கே மாதமும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ், இந்தப் பன்னிரண்டைப் பன்னிரண்டு மாதங்களோடும் பன்னிரண்டு ராசிகளோடும் பொருத்திப் பேசினார். எண் ஒன்றாக இருந்ததால் பொருத்தம் எளிதில் ஒட்டிக்கொண்டது.

பிறந்த மாதத்தின் கல்லை மட்டும் ஆண்டு முழுக்க அணியும் பழக்கம் அதற்கு மிகப் பிந்தியது. அது 18-ஆம் நூற்றாண்டில் போலந்தில் உருவானது என்று அமெரிக்க ரத்தின வல்லுநர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் குன்ஸ் எழுதினார். அப்போதும் ஊருக்கு ஒரு பட்டியல்தான்.

இன்று கடைகளில் ஒட்டியிருக்கும் பட்டியல் 1912-இல் பிறந்தது. அமெரிக்க நகை வணிகர்களின் தேசியச் சங்கம் கன்சாஸில் கூடி, ஊருக்கு ஊர் வேறுபட்டதை ஒரே வரிசையாக்கியது. 1952-இல் அது திருத்தப்பட்டது: ஜூனுக்கு அலெக்சாண்ட்ரைட், நவம்பருக்கு சிட்ரின், அக்டோபருக்கு இளஞ்சிவப்பு டூர்மலின் சேர்ந்தன; டிசம்பரில் லாபிஸ் லசூலி போய் சிர்க்கான் வந்தது. 2002-இல் டிசம்பருக்கு டான்சனைட்டும், 2016-இல் ஆகஸ்டுக்கு ஸ்பினலும் சேர்ந்தன.

டான்சனைட்டைக் கொஞ்சம் யோசியுங்கள். தான்சானியாவின் மெரெலானி குன்றுகளில் 1967-இல்தான் அது கண்டெடுக்கப்பட்டது. 'தொன்றுதொட்டு டிசம்பர்க்காரர்களைக் காத்துவரும் கல்' என்று யாராவது விற்றால், அந்தத் தொன்மைக்கு வயது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இன்றைய வரிசை இது. ஜனவரி கார்னெட், பிப்ரவரி செவ்வந்திக்கல் எனப்படும் அமெதிஸ்ட், மார்ச் அக்வாமரைன், ஏப்ரல் வைரம், மே மரகதம், ஜூன் முத்து, நிலாக்கல், அலெக்சாண்ட்ரைட், ஜூலை மாணிக்கம், ஆகஸ்ட் பெரிடாட், சார்டோனிக்ஸ், ஸ்பினல், செப்டம்பர் நீலம், அக்டோபர் ஓபல், டூர்மலின், நவம்பர் டோபாஸ், சிட்ரின், டிசம்பர் டர்க்காய்ஸ், சிர்க்கான், டான்சனைட்.

ஒரே மாதத்துக்கு மூன்று கல் இருப்பதற்கு மறைபொருள் எதுவும் இல்லை. விலை குறைந்த மாற்று ஒன்று வேண்டும், கிடைக்கும் கல்லாக இருக்க வேண்டும் என்பது வணிகர்களின் தேவை. வணிகர்கள் வகுத்தது என்பதால் மாதக்கல் மதிப்பில்லாதது ஆகிவிடாது. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் அத்தை, புதுச்சேரியில் பிறந்த மருமகளுக்குச் சின்னதாக ஒரு செவ்வந்திக்கல் டாலர் வாங்கித் தந்தால் அது அன்புக்கு அடையாளம். ஆனால் அதைக் கிரகப் பரிகாரமாக எடுத்துக்கொள்ள அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

## நவமணிகள்: தனிக் குடும்பம்

நம் பட்டியல் மாதத்தைக் கண்டுகொள்வதில்லை. அது கோள்களின் பட்டியல். சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். நவரத்தின மோதிரத்தில் மாணிக்கம் நடுவில் இருக்கும், மற்ற எட்டும் சுற்றி நிற்கும். கோயிலில் நவக்கிரகங்களைச் சுற்றும்போது நடுவில் சூரியனைப் பார்க்கிறோமே, அதே அமைப்புத்தான் விரலில் ஏறியிருக்கிறது.

ராசிக்கல் என்பது இதன் கிளை. ராசிக்கு அதிபதி எந்தக் கோளோ, அந்தக் கோளின் கல். மேஷத்துக்கும் விருச்சிகத்துக்கும் செவ்வாய் அதிபதி, எனவே பவளம். ரிஷபம், துலாம் இரண்டுக்கும் வைரம். மிதுனம், கன்னிக்கு மரகதம். தனுசு, மீனத்துக்குப் புஷ்பராகம். மகரம், கும்பத்துக்கு நீலம். கடகத்துக்கு முத்து, சிம்மத்துக்கு மாணிக்கம். எண்ணிப் பாருங்கள்: பன்னிரண்டு ராசிக்கும் ஏழே கல். ராகுவுக்கும் கேதுவுக்கும் சொந்த வீடு இல்லாததால் கோமேதகமும் வைடூரியமும் ராசிப் பட்டியலுக்குள் வருவதில்லை. ஜோதிடர்கள் அவற்றை தசை, கோள் நிலை பார்த்துத்தான் சொல்வார்கள். 'உன் ராசிக்குக் கோமேதகம்' என்று நேராகச் சொல்பவர், தான் சொல்லும் முறையையே சரியாகப் படிக்கவில்லை.

காரைக்கால் பக்கம் திருநள்ளாறு போய்வந்தவர்கள் நீலக்கல்லைப் பற்றிப் பேசும்போது குரல் சற்றுத் தாழும். சனியின் கல், ஒத்துக்கொள்ளாவிட்டால் கெடுதல் என்ற அச்சம் அதோடு வருகிறது. அதே நீலம் செப்டம்பர் மாதக்கல்லாகும்போது விசுவாசம், தெளிந்த மனம் என்று மங்கலமாகிவிடுகிறது. கல்லின் அணுக்கள் எதுவும் மாறவில்லை, அதைப் பார்க்கும் ஊர்தான் மாறியது. கார்னெட் இன்னும் நல்ல உதாரணம். நாம் கோமேதகம் என்பது கார்னெட் குடும்பத்தின் தேன்நிற உறுப்பினர். மேற்கில் ஜனவரிக் குழந்தைக்கு வழித்துணையாகக் கொடுக்கும் கார்னெட்டும், இங்கே ராகுவைச் சாந்தப்படுத்த அணியும் கோமேதகமும் உடன்பிறப்புகள்.

குறியீடு பெரும்பாலும் நிறத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. சிவப்பு என்றால் குருதி, வெப்பம், அதனால் சூரியன். வெண்மையும் குளுமையும் சந்திரன். கடல்நீர் நிறம் கொண்ட அக்வாமரைன் மாலுமிகளின் காவல். கார்னெட் என்ற பெயரே மாதுளை முத்தின் நிறத்தால் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்களுக்கு மாதுளை 'கிரனாத்' என்றும் இந்தக் கல் 'கிரனா' என்றும் நினைவிருக்கும். அமெதிஸ்ட் என்பது கிரேக்கத்தில் 'போதை ஏறாதது'. அதனால் தெளிந்த புத்தி அதன் பலனாயிற்று.

சுருக்கமாக: மாதக்கல் விவிலியத்தில் வேர்விட்டு வணிகச் சங்கத்தில் உருவம் பெற்றது, ராசிக்கல் கோள்களிலிருந்து வந்தது. பலன்கள் நிறத்தையும் பெயரையும் ஒட்டி மனிதர்கள் ஏற்றியவை.

## பழைய பெயர், வேறு கல்

பழைய நூலில் ஒரு கல்லின் பெயரைப் பார்த்ததும் இன்றைய கல்லை நினைத்துக்கொள்வது பெரிய ஆபத்து. கனிமங்களை வேதியியலால் பிரித்தறியக் கற்றது கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில்தான். அதற்கு முன் நிறமே பெயர். தமிழ் விவிலியத்தில் ஆரோனின் மார்ப்பதக்கத்தில் பத்மராகமும் வரும், மாணிக்கமும் வரும், கெம்பும் வரும். இன்று இந்த மூன்று சொல்லும் ஒரே கல்லைக் குறிக்கும். மொழிபெயர்த்தவர்கள் கையிலிருந்த சிவப்புப் பெயர்களையெல்லாம் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள், வேறு வழியில்லை. அதே வரிசையில் வச்சிரமும் உண்டு. அது வைரமாக இருக்க முடியாது. வைரத்தில் பெயர் வெட்டும் வித்தை அந்தக் காலத்தில் யாரிடமும் இல்லை.

பிரித்தானிய மகுடத்தில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று புகழ்பெற்ற பெரிய சிவப்புக் கல் மாணிக்கமே அல்ல, ஸ்பினல். கிரேக்கர்களின் 'சப்பெய்ரோஸ்' நம் நீலம் அல்ல, லாபிஸ் லசூலி. நம் பக்கத்துச் சொல்லான வைடூரியமும் ஊர் சுற்றியது. அதன் பாலி, பிராகிருத வடிவங்களிலிருந்துதான் கிரேக்கத்தில் 'பெரில்லோஸ்' என்ற சொல் உண்டானது. இன்று அதுவே மரகதமும் அக்வாமரைனும் அடங்கிய பெரில் குடும்பத்தின் பெயர். இங்கேயோ வைடூரியம் என்றால் நாம் நினைப்பது பூனைக்கண் கல்லை.

## அரிக்கமேட்டுப் பட்டறை

கல்லும் மணியும் புதுச்சேரிக்குப் புதிதல்ல. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயன்தோப்பு அருகே இருக்கும் அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்தார். அவருக்குப் பின் கசால், 1989 முதல் விமலா பெக்லி. ரோமானிய வணிகத்தின் தடயங்களோடு ஒரு மணிப் பட்டறையின் எச்சங்களும் கிடைத்தன: கண்ணாடி மணிகள், சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், கார்னெட், பாதியில் உடைந்தவை, துளையிடாதவை, சில்லுகள்.

சூதுபவளம் என்பது செம்பழுப்பு நிறக் குவார்ட்ஸ் வகை. ஆகஸ்டின் பழைய கல்லான சார்டோனிக்ஸ் அதன் நெருங்கிய உறவு. ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் இன்று சொல்லும் கற்களை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் துளையிட்டுக்கொண்டிருந்தார்கள், மாதம் பார்க்காமல்.

வேலை முறை எளிமையாகத் தோன்றும், கை பழகப் பல ஆண்டாகும். கல்லைத் தட்டிப் பருவட்டாக உருவாக்க வேண்டும். தேய்த்துச் சமமாக்க வேண்டும். துளையை ஒரே பக்கத்திலிருந்து போட்டால் மறுபக்கம் உடையும் இடத்தில் சில்லு தெறிக்கும். அதனால் இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். கோணம் பிசகினால் இரண்டு துளையும் சந்திக்காது, மணி வீண். கடைசியில் மெருகு. மங்கிய பழுப்புக் கல்லுக்குச் சூடு காட்டினால் உள்ளிருக்கும் இரும்பு மாறி நல்ல சிவப்பு வரும். கல்லைச் சுடுவது இன்றைய ஏமாற்று என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் அது மிகப் பழைய கைத்தொழில்.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளைப் பார்க்கலாம். களத்தில் மண்ணிலிருந்து மணி பொறுக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம். இருந்த மண்ணடுக்கிலிருந்து பிரிந்த மணி எந்த வரலாற்றையும் சொல்லாது.

## கற்கண்டும் பாகும்: கல் எப்படிக் கல்லாகிறது

சர்க்கரைக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் அசையாமல் வைத்தால் நூலைச் சுற்றிக் கற்கண்டு கட்டும். முகங்கள் தட்டையாக, கோணங்கள் ஒழுங்காக இருக்கும். அதே சர்க்கரையைக் காய்ச்சிப் பாகாக்கித் தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவிட்டால் பளபளப்பான தகடு வரும். அதற்கு ஒழுங்கான முகம் கிடையாது, எப்படியும் உடையும். பொருள் ஒன்றே, உள்ளே அடுக்கு இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் அது படிகம். அடுக்கு இல்லாமல் உறைந்தது கண்ணாடி. மாணிக்கம், நீலம், மரகதம், வைரம் எல்லாம் பூமிக்குள் கட்டிய கற்கண்டு. கடையில் பளிச்சிடும் கண்ணாடிக் கல் உறைந்த பாகு.

நிறம் வருவது சிட்டிகை அளவு அந்நியப் பொருளால். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குரண்டம் என்ற கனிமம் தூய்மையாக இருந்தால் நிறமே இல்லை. அதில் துளி குரோமியம் புகுந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் புகுந்தால் நீலம். சூரியனுடைய கல்லும் சனியுடைய கல்லும் ஒரே கனிமம்! அதே குரோமியம் பெரில் என்ற கனிமத்துக்குள் போனால் பச்சை, அதாவது மரகதம். ஒரே சாயம் பருத்தியில் ஒரு நிறமும் பட்டில் வேறு நிறமும் காட்டுவதுபோல, சுற்றியுள்ள அடுக்கு எப்படிப்பட்டதோ அதைப் பொறுத்து குரோமியம் ஒளியை விழுங்கும் விதம் மாறுகிறது.

முத்தும் பவளமும் கனிமக் குழியிலிருந்து வருபவை அல்ல. கடலுயிர்கள் கட்டிய சுண்ணாம்புச் சேர்மம். பராமரிப்பில் இது எவ்வளவு முக்கியம் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

கடினம் என்றால் கீறலைத் தாங்கும் திறன். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃப்ரீட்ரிஷ் மோஸ் வகுத்த 1 முதல் 10 வரையான வரிசையில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, டோபாஸும் ஸ்பினலும் 8, மரகதம் 7.5 முதல் 8, செவ்வந்திக்கல்லும் சிட்ரினும் 7, பெரிடாட் 6.5 முதல் 7, ஓபலும் டர்க்காய்ஸும் 6-ஐ ஒட்டி, பவளம் 3 முதல் 4, முத்து சுமார் 3. கீறல் தாங்கும் கல் அடியும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வைரத்துக்கும் டோபாஸுக்கும் உள்ளே பிளவுத் தளங்கள் உண்டு. சரியான கோணத்தில் அடி விழுந்தால் விறகுபோலப் பிளக்கும்.

நினைவில் வைக்க: அடுக்கு இருந்தால் படிகம், இல்லாவிட்டால் கண்ணாடி, சிட்டிகை மாசுதான் நிறம், கீறலைத் தாங்குவதே கடினம்.

## 'ஒரிஜினல்' என்ற சொல்லை நம்பி வாங்கக் கூடாது

அந்தச் சொல்லுக்குள் நான்கு நிலைகள் மறைந்திருக்கின்றன. இயற்கைக் கல் பூமியில் விளைந்தது. வளர்ப்புக் கல் ஆலையில் வளர்ந்தது; வேதியியலில் இயற்கைக் கல்லேதான். போலிக் கல் வேறு பொருள். பார்க்க மட்டும் ஒத்திருக்கும். பதனம் செய்த கல் இயற்கையானது, ஆனால் சூடு, எண்ணெய், கதிர்வீச்சு, கண்ணாடி நிரப்பல் ஏதோ ஒன்றால் நிறமோ தெளிவோ கூட்டப்பட்டது.

வளர்ப்பு மாணிக்கம் நேற்று வந்ததல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னெய் 1902-இல் தன் முறையை அறிவித்தார். அலுமினிய ஆக்சைடுப் பொடியை ஆக்சிஜன், ஹைட்ரஜன் சுடர் வழியாகத் தூவினால் 2000 பாகை செல்சியஸுக்கு மேல் உருகிச் சொட்டு சொட்டாக ஒரு தண்டின் மேல் திரண்டு வளரும். சில மணி நேரத்தில் ஒரு கட்டி ரெடி. உருகிய மேற்புறம் குவிந்திருப்பதால் உள்ளே படியும் வரிகளும் வளைந்தே இருக்கும், உருண்டைக் காற்றுக்குமிழ்களும் சிக்கும். பூமியில் தட்டையான முகங்களோடு வளர்ந்த கல்லில் வரிகள் நேராக, கோணமாக ஓடும். பத்து மடங்கு காட்டும் லென்ஸில் தேட வேண்டியது இதைத்தான். ஆகவே 'என் பாட்டி காலத்துக் கெம்பு, கட்டாயம் இயற்கை' என்ற வாதம் செல்லாது. பாட்டி காலத்திலேயே வளர்ப்புக் கெம்பு தாராளமாகச் சந்தையில் இருந்தது.

பதனங்களில் மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் சூடு காட்டுவது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம், சொல்லி விற்றால் போதும். மரகதத்தின் விரிசல்களுக்கு எண்ணெய் ஊட்டுவார்கள். சந்தையில் இருக்கும் சிட்ரினில் பெரும்பகுதி சூடு காட்டிய செவ்வந்திக்கல். நீல டோபாஸ் பெரும்பாலும் கதிர்வீச்சால் நிறமேறியது. கண்டிப்பாக விலக வேண்டியது, ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தை முழு மாணிக்க விலைக்கு வாங்குவதுதான். எலுமிச்சைச் சாறோ பத்தர் கழுவும் அமிலமோ பட்டால் நிரப்பிய கண்ணாடி அரித்து, வெள்ளை நரம்புகள் தெரியத் தொடங்கும்.

## வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை

முதலில் செய்யக் கூடாதவை. நீலக்கல்லைப் பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரியும் என்பார்கள். தெரியத்தான் செய்யும், நிறமுள்ள எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் அதன் வழியே வரும் ஒளி வெண்மையில் பட்டு அப்படித் தெரியும். கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும் பயனில்லை: கண்ணாடியின் கடினம் 5.5 தான், மலிவான குவார்ட்ஸ்கூடக் கீறும். நெருப்பில் காட்டுவது கல்லையே கெடுத்துவிடும்.

நம்பக்கூடியது அடர்த்தி. ஒரு கல் அதே கனஅளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதே ஒப்படர்த்தி. மோதிரத்தில் பதிக்காத தனிக் கல்லும், 0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசும், ஒரு டம்ளர் குடிநீரும், மெல்லிய நூலும் போதும். கல்லைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து எடை எடுங்கள். பிறகு தராசில் நீர் டம்ளரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் கையால் பிடித்துத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் இடம்பெயர்த்த நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி.

மஞ்சள் புஷ்பராகம் என்று ஒரு கல் வாங்குகிறீர்கள், எடை 1.20 கிராம், அதாவது 6 கேரட். நீரில் 0.30 காட்டினால் விடை 4.0, அது குரண்டம், நீலக்கல்லின் மஞ்சள் வகை; ஜோதிட வழக்கில் குருவுக்குச் சொல்லும் கல். 0.34 காட்டினால் 3.5, அது டோபாஸ், நவம்பர் கல். 0.45 என்றால் 2.65 அருகே, சிட்ரின். 0.48 என்றால் சாதாரணக் கண்ணாடி. மஞ்சளாக இருக்கும் நான்கு பொருளும் ஒரே பெயரில் கடையில் நடமாடுவதால் இந்த ஒரு கணக்கு பெரும் பணத்தைக் காக்கும். வைரத்துக்கு 3.52 வர வேண்டும்; அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் சிர்க்கோனியா 5.6-க்கு மேல் போகும்.

தவறு எங்கே வரும்? கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழ் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். கல் டம்ளரின் அடியைத் தொட்டால் விடை தலைகீழாகும். ஒரு கேரட் கல்லுக்கு நீரில் 0.05 அளவே காட்டும் என்பதால் தராசின் பிழையே விடையைக் கெடுத்துவிடும். 1 கிராமுக்குக் குறைந்த கல்லுக்கு இதை நம்பாதீர்கள். முக்கியமான வரம்பு: வளர்ப்புக் கல்லும் 4.0 தான் காட்டும். இனம் தெரியும், பிறப்பிடம் தெரியாது. அதற்கு லென்ஸும் ஆய்வகமும் வேண்டும்.

## பில்லில் என்ன எழுதியிருக்க வேண்டும்

கனிமத்தின் பெயர், இயற்கையா வளர்ப்பா, என்ன பதனம், எத்தனை கேரட். ஒரு கேரட் 0.2 கிராம். தங்கத்தின் தரத்தைச் சொல்லும் 22 காரட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கல் எடையைக் கழித்துத் தங்க எடை தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லுக்கும் தங்க விலை கொடுப்பீர்கள். ஹால்மார்க்கும் ஆறெழுத்து அடையாள எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே உறுதி. கல்லைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. பரிகாரம் என்று அவசரப்படுத்தி ஆய்வகச் சான்று வாங்க விடாதவரிடம் வாங்க வேண்டாம். கடன் வாங்கிக் கல் வாங்கச் சொல்லும் மரபு எங்கும் இல்லை.

## கடலோரத்தில் கல்லைப் பேணுவது

கடலூர் சில்வர் பீச் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், கடினம் 7. பெரிடாட், ஓபல், டான்சனைட், முத்து எல்லாவற்றையும் அது கீறும். மோதிரத்தில் மணல் ஒட்டியிருந்தால் துணியால் துடைக்காதீர்கள். முதலில் நீரில் அலசி மணலைப் போக்கிவிட்டுத் துடையுங்கள்.

உடலில் படும்படி அடி திறந்து பதித்த கல்லுக்குப் பின்னால் சோப்பும் வியர்வையும் படிந்து ஒளியை அடைக்கும். 'கல் சக்தி இழந்துவிட்டது' என்று பலர் கவலைப்படுவது பெரும்பாலும் இந்த அழுக்கைப் பார்த்துத்தான். மாணிக்கம், நீலம், வைரம், கார்னெட் போன்றவற்றை ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் மூன்று நான்கு சொட்டு மென்மையான சோப்பு விட்டு 10 நிமிடம் ஊறவைத்து, மிருதுவான பிரஷால் பின்புறம் தேய்த்தால் பழைய ஒளி வரும். மரகதத்துக்கு இது வேண்டாம், எண்ணெய் போய்விடும். செவ்வந்திக்கல்லை வெயிலில் காய வைக்காதீர்கள், நிறம் வெளுக்கும்.

மோதிரத்தை அளவு மாற்றக் கொடுக்கும்போது கல்லை எடுத்துவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பற்றவைப்புக்குப் போடும் வெங்காரம், சூட்டில் மாணிக்கத்தின் மேற்பரப்பையே அரிக்கும். ஓபல் வெடிக்கும்.

முத்தும் பவளமும் சுண்ணாம்பு வகை என்றோமே. புளிக்கரைசல், எலுமிச்சை, வினிகர் எல்லாம் அவற்றைக் கரைக்கும். சமையலறைக்குள் நுழையும்போது கழற்றி வைப்பதே நல்லது. வாசனைத் திரவியம் அடித்து முடித்த பிறகே முத்தை அணியுங்கள். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, மற்ற நகைகளோடு உரசாமல் தனித் துணிப்பையில் வையுங்கள். முத்துமாலையின் நூல் வியர்வையில் இற்றுப்போகும். முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோத்திருந்தால் நூல் அறுந்தாலும் ஒரே ஒரு முத்துதான் உருளும்.